பூதப் படமும் புராணப் படமும்

பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் பிள்ளைகள் பூதப்படமோ ஆகாயக் கப்பல் படமோ பார்க்க உட்கார்ந்தால், "நடக்காததையெல்லாம் காட்டி புத்தியைக் கெடுக்கிறான்" என்று தொலைக்காட்சியை நிறுத்திவிடும் பெரியவர்கள் பலரை நாம் அறிவோம். அதே பெரியவர்கள் புராணத் தொடர் வந்தால் கைகூப்பி உட்காருகிறார்கள். அதில் மலை பறக்கும், பத்துத் தலை பேசும், கல் பெண்ணாகும். அவையெல்லாம் தினம் சந்தையில் நடக்கிற சங்கதிகள் போலும்!

வெளிதேசத்து உதாரணம் வேண்டாம். திருச்செங்கோட்டில் பிறந்து, சீமையிலே லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை ஏற்படுத்தினார். அதன் முதற்படம் 1937-ல் வந்த 'சதி அகல்யா'. அகல்யா யாரென்றால், சாபத்தால் கல்லாகி, ஒருவர் கால்பட்டு எழுந்ததாகச் சொல்லப்படும் பெண். அதே கம்பெனி 1952-ல் அமெரிக்க டைரக்டர் வில்லியம் பெர்க்கைக் கொண்டு 'காடு' என்னும் படத்தை எடுத்தது. அதில் யானைகள் மிரண்டு ஓடி ஜனங்களை அழிக்கின்றன. உடனே யாகம் செய்து முடித்துவிடவில்லை. ஏன் மிரண்டன என்று பார்க்க ஒரு கூட்டம் காட்டுக்குள் போகிறது. மாமத் என்னும் சடைமயிர் ஆதியானைகளே காரணமென்று காண்கிறது.

படம் உயர்ந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. நடை வெகு மந்தம். மாமத்தோ, சாதாரண யானைக்கு மயிர்ப் போர்வை போர்த்தியதுதான்! மாமத் குளிர்தேசத்து மிருகம். கடைசியாய் எஞ்சியவை சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வடகடலிலுள்ள ராங்கல் தீவில் மாண்டன. நம் காட்டில் அதற்கு இடமேது? இவ்வளவும் சொன்னோமே, யாராவது மனம் புண்பட்டதென்று அடிக்க வந்தார்களா? கல்லான அகல்யாவின் ரத்தம் எங்கே போயிற்று என்று ஒரு பிள்ளை கேட்கட்டும், அப்போது தெரியும்.

1933-ல் வந்த 'கிங் காங்' குரங்கு பெரும்பாலும் ஒன்றரை அடிப் பொம்மை. வில்லிஸ் ஓபிரையன் என்பவர் அதைச் சிறிது அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து ஒரு படம் என்று பிடித்தார். வினாடிக்கு 24 படம்! இந்தச் சூட்சுமம் தெரிந்தால் பார்ப்பவனுக்கு ஆனந்தம் கூடுமேயன்றிக் குறையாது. சூட்சுமம் தெரிந்த பிறகும் குறையாத அற்புதம் எந்தக் கோயிலில் இருக்கிறது?

நிற்க. கடவுள் வேலையில் கைவைத்த விஞ்ஞானி கெட்டான் என்றுதானே 1931-ன் 'பிராங்கன்ஸ்டைன்' படம் சொல்கிறது என்று சிலர் மடக்கலாம். அக்கதையை 1818-ல் நாவலாய் வெளியிட்ட மேரி ஷெல்லி என்னும் இளம்பெண் சொன்னதே வேறு. அதில் பூதம் கெட்டது படைக்கப்பட்டதால் அல்ல; படைத்தவன் பார்க்க அருவருத்துக் கைவிட்டு ஓடியதால். ஏன் என்னைப் படைத்துக் கைவிட்டாய் என்று அது கேட்கிறது. கேள்வி வேறெங்கோ போய்த் தைக்கவில்லையா? படத்திலும், கடவுளாயிருப்பது எப்படியென்று இப்போது தெரிந்ததாக விஞ்ஞானி கூவும் இடத்தை, மறுபடி வெளியிட்டபோது வெட்டி எறிந்தார்கள். பூதத்தைவிட அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு பயம்!

வேலூர்ப் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றோம். கொடிக்கால் வேலை முடிந்து வீடு வந்ததும் பிள்ளை பூதப்படம் பார்த்தால் நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிச் செய்திருப்பான், சொல்" என்று கேளுங்கள். புராணத் தொடர் வரும்போதும் அதே கேள்வியைக் கேட்பதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை.