சக்கரவாளக் கோட்டமும் அமுதசுரபியும்

நள்ளிரவு, பாழடைந்த கோட்டை, பேயின் நடமாட்டம், பழம்பழி, நிறைவேறாக் காதல் ஆகியவற்றை ஒருங்கு சேர்த்து, அச்சமும் இரக்கமும் தோன்றப் புனையும் கதைகளைக் ‘கொதிக்’ கதைகள் என்பர் ஆங்கில இலக்கிய ஆசிரியர். 1764 இல் ஹொறஸ் வால்ப்போல் எழுதிய ‘ஒட்ராண்டோக் கோட்டை’ இவ்வகைக்கு முதனூல் என்ப. 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ இவற்றுட் பெரும்புகழ் பெற்றது. நம் மாணவர் இக்கதையை நூலிலும் திரைப்படத்திலும் விரும்பிக் காண்கின்றனர். அதனை யான் குறை கூறேன். இத்தகைய கதை தமிழில் இல்லை என்று அவர் எண்ணுவதே என் வருத்தம்.

டிராகுலா வெறும் பேய்க்கதை அன்று. சமயக் கருத்தே அதன் உயிர். பிறர் குருதியை உண்டு சாவாது வாழும் ஒருவன் ஒருபுறம். சிலுவையைத் துணைக்கொண்டு அவனை எதிர்ப்போர் மறுபுறம். லூசி என்னும் நங்கையைக் காத்தற்பொருட்டு ஆடவர் நால்வர், ஒருவர்பின் ஒருவராய்த் தம் குருதியை ஈகின்றனர். எனினும் அவள் பிழைத்திலள். பிறரிடமிருந்து பறித்து வாழ்தலுக்கும், தன்னைக் கொடுத்துப் பிறரை வாழ்வித்தலுக்கும் இடையே நிகழும் போரே அந்நூல்.

அது வெளிவந்த அடுத்த ஆண்டாகிய 1898 இல், உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அக்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். உறங்கும் பெண்ணைத் தெய்வம் நள்ளிரவிற் கடல்கடந்த தீவுக்கு எடுத்துச் செல்கின்றது. தூணிலுள்ள பாவை வாய்திறந்து பேசுகின்றது. வேற்றுருக் கொண்ட காதலியை நாடி இருளிற் சென்ற அரசகுமாரன் உதயகுமாரன், விஞ்சையன் வாளுக்கு இரையாகின்றான். இவற்றினும் கொடிது பூம்புகாரின் சுடுகாடாகிய சக்கரவாளக் கோட்டம். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே அதனுட் புகுந்து, பேய்மகள் கூத்தாடக் கண்டு அஞ்சி ஓடித் தாயிடம் வந்து உயிர் நீக்கின்றான்.

அவன் தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தை அழைத்து, “என் உயிரைக் கொண்டு இவன் உயிரைத் தருக, கண்ணில்லாத என் கணவனை இவன் காப்பான்” என்று வேண்டுகின்றாள். தியாகக் காதல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயினும் தெய்வம் இசையவில்லை. உயிருக்கு உயிர் மாற்ற இயலுமாயின், மன்னர்க்காக உயிர்தரப் பலர் இருந்திருப்பர்; அம்மன்னர்க்குச் சுடுகாட்டிற் கோட்டங்கள் எழுந்திரா என்று அது விடை கூறுகின்றது. லூசிக்குக் குருதி ஈந்தோர் கண்ட உண்மையும் இதுவே: இறப்பை விலைகொடுத்து மீட்க அன்பினாலும் ஆகாது.

அவ்வாறாயின் தியாகம் வீணோ? சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. மணிமேகலையும் காதலை அறியாதவள் அல்லள். தன் நெஞ்சம் உதயகுமாரன்பாற் செல்வதை அவளே கூறுகின்றாள். முற்பிறப்பில் அவன் அவளுடைய கணவன். அவ்வன்பை அவள் கொன்றுவிடவில்லை. ஒருவனுக்குரியதைப் பசித்தோர் அனைவர்க்கும் உரியதாக்கினாள். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாகத்தன்று தோன்றிய அமுதசுரபியை ஏந்தி, தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் நோய் தீர்த்தாள். அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இறந்தவனை மீட்க இயலாத அன்பு, இருப்பவனை வாழ்விக்க வல்லது என்பதே அக்காப்பியத்தின் முடிபு.

இது பௌத்த நூலன்றோ, இந்துக் கல்லூரிக்கு ஏற்குமோ என வினவுவார் உளர். உண்ணும்போது ஒரு பிடியைப் பிறர்க்கு ஈதலைத் திருமூலரும் எளிய அறமாகக் காட்டினார். முதியங்கனை விகாரையின் அயலில் வாழும் நமக்கு இவ்வையம் வேண்டுவதில்லை. வெசாக் போயா நாளிற் பதுளை வீதிகளிலே சிங்களச் சகோதரர் ‘தன்சல்’ அமைத்து, இனமும் மதமும் வினவாது வழிப்போக்கர்க்கு உணவளிக்கக் காண்கின்றோம். அதுவும் அதே வைகாசி முழுநிலா நாளே. அயலவரோடு நாம் கைகோக்கத் தமிழிலேயே ஒரு நூல் உண்டு எனின், அதனைப் பூட்டி வைத்தல் தகுமோ?

பசி என்பது ஊவா மலைநாட்டார்க்குப் பழங்கதை அன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்திற்குத் தப்பிக் கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் நம்முள் உளர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், லயத்து அறையிலிருந்து வெறுந்தேநீர் மட்டும் பருகி வந்த பிள்ளைகள் முதற் பாடவேளையிலேயே சோர்ந்து தலைசாய்த்ததை யான் கண்டேன். தன் பங்கைப் பிள்ளைக்கு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயர் எத்தனை பேர்! அவர்கள் கோதமையின் வழிவந்தோர். அவர்தம் தியாகத்தை நாம் புகழ்ந்தால் மட்டும் போதாது. அது வேண்டாதபடி செய்தல் வேண்டும்.

விழா நினைவாக வளைவு அமைக்கலாம் என்பர் சிலர். என் கருத்து வேறு. பசியோடு வரும் மாணவர்க்குக் காலையுணவு அளிக்கும் நிதியொன்றைப் பழைய மாணவர் நிறுவுக. அதற்கு அமுதசுரபி என்றே பெயரிடுக. மணிமேகலையின் கையிலும் அப்பாத்திரம் முதலில் வெறுமையாகவே இருந்தது. ஆதிரை முதற் பிச்சை இட்ட பின்னரே அது வற்றாததாயிற்று. அம்முதற் பிச்சையை இடுவோர் நம்முள் இலரோ?