மலிவான பயணத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நம் புறநகர்ப் பகுதிகளில் இன்று வீட்டுக்கு ஒரு பயணக்கதை உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களில் பணியாற்றும் நம் பிள்ளைகள், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறார்கள். பத்தே நாளில் பாங்காக், புக்கெட், பினாங்கு, லங்காவி, பாலி என ஐந்து ஊர்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். 2023 நவம்பரில் தாய்லாந்தும், அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளில் மலேசியாவும் இந்தியப் பயணிகளுக்கு விசா விலக்கு அளித்த பின், இந்த ஆசை ஓர் அலையாகவே எழுந்துவிட்டது. “கொடைக்கானலுக்கு ஆகும் செலவில் பாங்காக்கே போய் வரலாம்” என்பது திருமண வீட்டுப் பந்தியிலும் காதில் விழும் பேச்சு.

ஊர் சுற்றுவது பாவம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. திரைகடல் தாண்டுவது தமிழனுக்குப் புதிதும் அன்று. ஆனால், இந்தப் பயணங்களுக்குத் தத்துவ முலாம் பூசும் ஒரு வாதத்தை மறுத்தே ஆகவேண்டும். “சொகுசு விடுதியில் தங்கும் பணக்காரச் சுற்றுலாக்காரன் வேறு, முதுகுப்பைப் பயணி வேறு. இவன் மலிவான அறையில் படுக்கிறான், தெருக்கடையில் உண்கிறான், மக்களோடு மக்களாக வாழ்கிறான், ஆகவே இவன் உள்ளம் விரிகிறது” என்பதே அந்த வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மை அதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது.

மலிவு என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். உலகில் எதுவும் தானாக மலிவதில்லை. நான் கொடுக்காத விலையை வேறெவரோ கொடுக்கிறார். அல்லது வேறெதுவோ கொடுக்கிறது.

தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் மாயா விரிகுடா என்றொரு சிறு கடற்கரை உண்டு. முதுகுப்பைப் பயணி ஒருவன் யாரும் அறியாத சொர்க்கத்தைத் தேடிப் போவதாக ஹாலிவுட்டில் எடுத்த ஒரு திரைப்படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் காட்சிகள் அங்கேதான் படமாயின. விளைவு என்ன? யாரும் அறியாத அந்தச் சொர்க்கத்துக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து இறங்கினார்கள். படகுகளின் நங்கூரங்களும் நீந்துவோரின் கால்களும் பவளப்பாறைகளை நொறுக்கின. 2018 ஜூன் மாதம் அரசு அக்கடற்கரையை மூடிற்று. மீண்டும் திறந்தது 2022 ஜனவரியில்தான். அதே 2018இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் போராக்காய் தீவும் ஆறு மாதம் மூடப்பட்டது. விடுதிகளின் கழிவுநீர் நேராகக் கடலில் கலந்ததே காரணம். அந்நாட்டு அதிபரே அதைச் சாக்கடைக் குழி என்று சாடினார். அறை வாடகை மலிவாக இருந்ததன் இரகசியம் இதுதான்: கழிவைச் சுத்திகரிக்கும் செலவைக் கடலின் தலையில் கட்டிவிட்டார்கள்.

பாலித் தீவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சுபாக் என்றொரு பாசன முறை பல நூற்றாண்டுகளாக நிலவுகிறது. மலையிலிருந்து இறங்கும் நீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்பதை உழவர்கள் கூடி, நீர்க்கோயில்களை மையமாகக் கொண்டு முடிவு செய்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அந்த வயல்களின் அழகைக் காணவே கூட்டம் வருகிறது. வரும் கூட்டத்துக்கு அறை கட்டவே அந்த வயல்கள் விலைபோகின்றன. தாம்பரத்துக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை என்று நம் ஊர்களின் பெயரோடு ஒட்டியிருந்த ஏரிகள் எப்படிச் சுருங்கின என்பதையும், 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியதையும் கண்ணால் கண்டவர்கள் நாம். ஏரியைத் தின்று எழுந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, வயலைத் தின்று எழுந்த விடுதியில் ஓய்வெடுக்கப் போகிறோம்.

கடலும் வயலும் மட்டுமா விலை கொடுக்கின்றன? பட்டாயா என்ற பெயரைச் சொன்னதும் நம் ஆண்கள் ஏன் கண்சிமிட்டிச் சிரிக்கிறார்கள்? மீனவர் கிராமமாக இருந்த அந்த ஊர், 1960களில் வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் விடுப்பில் வந்து களிக்கும் இடமாக மாறிற்று. போர் முடிந்து சிப்பாய் போனான். அவன் இடத்துக்குச் சுற்றுலாக்காரன் வந்தான். அந்த விடுதிகளில் நிற்கும் பெண்களில் பலர், ஈசான் எனப்படும் வறண்ட வடகிழக்கு மாநிலங்களின் உழவர் வீட்டு மகள்கள். ஊரிலுள்ள பெற்றோருக்கும் குழந்தைக்கும் பணம் அனுப்புகிறவர்கள். நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒருவன் அப்படிச் சிரித்தால் பொறுப்போமா? உள்ளம் விரிந்ததன் அடையாளம் இதுதானா?

இனி, நம்மவர் கதைக்கு வருவோம். இன்று நம் பிள்ளைகள் மூன்றரை மணி நேரத்தில் பறந்து கடக்கும் அதே வங்கக் கடலை, அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் மேல்தளத்தில், வெயிலிலும் மழையிலும், நாள்கணக்கில் கடந்தார்கள். கங்காணியின் பேச்சை நம்பி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன ஏழைகள் அவர்கள். 1942இல் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க அந்தத் தோட்டங்களிலிருந்தே தமிழரை அள்ளிச் சென்றனர். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் தமிழர்.

இன்று காஞ்சனபுரி நகரில், குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணி இல்லை. அருகிலேயே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். பசும்புல், வரிசை குலையாத கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர். மாண்டவரை மதிக்கத் தெரிந்த நாடுகளை நான் குறை சொல்லமாட்டேன். நம்மவர் கல்லறை எங்கே என்பதே என் கேள்வி. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களே நெடுங்காலம் அவர்களுக்குக் கல்லறையாக இருந்தன. 2023இல்தான் அந்நகரிலுள்ள ஒரு புத்த விகாரையில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுந்தது. புக்கெட் கடற்கரையில் நான்கு நாள் கிடக்கும் தமிழ் இளைஞருள் எத்தனை பேர் அந்த நடுகல்லின் முன் நான்கு நிமிடம் நின்றிருப்பார்கள்? தன் இரத்தம் சிந்திய மண்ணில் கால் வைத்தும் அதை அறியாமல் திரும்புகிறவன் எதைப் பார்த்துவிட்டு வந்தான்?

அந்த அவலம் பழங்கதையாகி முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி அடித்து வதைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். இத்தகைய முகாம்களில் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் சிக்கியிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. களிக்கப் போகிறவனும் பிழைக்கப் போகிறவனும் ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே ஒரு சொல் பரிமாற்றம்கூட நிகழ்வதில்லை.

மறுப்புரை வரும், அறிவேன். “உழைத்துச் சம்பாதித்த பணம், செலவழிக்க உரிமை இல்லையா? நாங்கள் போகாவிட்டால் அந்தப் படகோட்டி பட்டினி கிடப்பானே?” நியாயமான கேள்வி. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரத்து நின்றபோது அத்தீவு மக்கள் பட்ட துயரம் உண்மை. ஆகவேதான் போகாதே என்று நான் சொல்லவில்லை. படகோட்டிக்குக் கூலி கொடுத்ததாலேயே அவனுடைய கடலைக் கெடுக்கும் உரிமை வந்துவிடாது என்றே சொல்கிறேன். கோவளத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சனிக்கிழமை இரவுகளில் காரில் வந்திறங்கி, குடித்து, புட்டிகளை மணலில் உடைத்துவிட்டுப் போகிறவர்களும் அங்கே பணம் செலவழிக்கத்தான் செய்கிறார்கள். மறுநாள் வெறுங்காலோடு வலை இழுக்கும் மீனவரிடம் அந்தப் பணத்தின் பெருமையைச் சொல்லிப் பாருங்கள்!

பெற்றோரும் பெரியோரும் இளைஞரை மட்டும் குற்றம் சாட்டித் தப்பிக்க வேண்டாம். நம் பங்குகளிலிருந்து புறப்படும் சில ‘திருப்பயணங்கள்’ எப்படி நடக்கின்றன? எட்டு நாளில் பதினான்கு திருத்தலங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி. பின்பு இரண்டு மணி நேரம் கடைத்தெரு. செபமாலை கையில் இருப்பதால் மட்டும் அது வேறு வகைப் பயணம் ஆகிவிடாது.

வேறு விதமாகப் பயணம் செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1545இல் நம் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிச் செபித்த புனித சவேரியார், இங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்ததும் அவ்வூர் மக்களின் மலாய் மொழியில் செபங்களைப் பெயர்த்து மனனம் செய்வதில் முனைந்தார். அவருக்கும் ஏழு நூற்றாண்டுகள் முன்பே, புக்கெட்டுக்கு வடக்கே தக்குவாபா என்னும் இடத்தில், தமிழர் ஒரு தமிழ்க் கல்வெட்டை நட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிதைந்த கல் சொல்லும் செய்தி ஒரு குளத்தைப் பற்றியது. அவனிநாரணம் என்ற அக்குளம் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் காவலில் விடப்பட்டதாம். வணிகம் செய்து பொருள் ஈட்டப் போனவர்கள்தாம். ஆயினும் போன இடத்தில் குளம் வெட்டி, அதைக் காக்கவும் ஆள் வைத்தார்கள். அவர்கள் வழிவந்த நாம், போன இடத்தின் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு நெகிழிப் புட்டியை விட்டு வருகிறோம்.

இயேசு தம் சீடர் எழுபத்திரண்டு பேரை ஊர் ஊராக அனுப்பியபோது சொன்ன பயண விதிகளை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். பை எடுத்துச் செல்ல வேண்டாம் என்றார். நுழைந்த வீட்டிலேயே தங்கச் சொன்னார். வீடு வீடாய் மாறுவதைத் தடுத்தார். கொடுத்ததை உண்ணச் சொன்னார். நற்செய்திப் பணிக்காகச் சொன்ன சொற்கள்தாம். எனினும் விருந்தினன் ஒவ்வொருவனுக்கும் அவற்றில் பாடம் உண்டு. ஐந்து ஊர்களைத் தொடுவதற்குப் பதில் ஓர் ஊரில் தங்குங்கள். அந்த ஊர் மொழியில் நன்றி சொல்லவாவது கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் குளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உங்கள் அறையைப் பெருக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். தாய்லாந்து போகிறவர்கள் ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு ஒதுக்குங்கள். அந்த நடுகல்லின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றி, பெயர் தெரியாத நம் முன்னோருக்காக ஒரு செபம் சொல்லுங்கள். அதற்கு நேரம் இல்லை என்பவர்கள், பயணம் முடிந்து வந்து உள்ளம் விரிந்தது என்று மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.