லாச்சிக்கு ஸ்லைட் விற்போர் அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்

லாச்சியின் அடியில் பொருத்தும் ஸ்லைட்டைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் இன்று ஹட்டன், நுவரெலியா கடைகளுக்கும் வருகிறார்கள். லாச்சியைத் திறந்தால் இரும்பு தெரியாது. மெதுவாகத் தள்ளினால் சத்தமின்றித் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் பொருத்தும் ஸ்லைட்டை விட விலை அதிகம், கடைக்காரருக்கு இலாபமும் அதிகம். ஆனால் பொருளை மட்டும் விற்றுவிட்டு இருப்பது எமது வியாபாரத்துக்கே பாதகமாக முடியும்.

பக்க ஸ்லைட்டுக்குத் தச்சர் லாச்சியின் வெளி அகலத்தைப் பார்க்கிறார். பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால் போதும். அடி ஸ்லைட்டுக்கு உள் அகலமே கணக்கு. வழக்கமான வகைகளில் அலுமாரியின் உள் இடைவெளியிலிருந்து 42 மில்லிமீற்றர் கழிக்க வேண்டும். இடைவெளி 500 என்றால் லாச்சியின் உள் அகலம் 458. பக்கப் பலகை 16 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. எமது தச்சர்கள் பழகியிருப்பதோ முக்கால் அங்குலப் பலகை. அது 19 மில்லிமீற்றர். அதற்கென்று தனி வகை ஸ்லைட் உண்டு. அதைக் கேட்டு வாங்காவிட்டால் லாச்சி இறுகும்.

அடுத்தது மரம். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மூடுபனி, ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது, அகலவாட்டில் ஊதும். லாச்சியின் அடிப்பலகையை முழு மரத்தில் இறுக்கிப் பொருத்தினால் அது ஊதிப் பக்கங்களை வெளியே தள்ளும். எனவே அடிக்குப் பிளைவுட்டே பாதுகாப்பு. பச்சை மரத்தில் இந்த ஸ்லைட்டைப் பொருத்தவே கூடாது.

லாச்சி இறுகினால் வாடிக்கையாளர் ஸ்லைட்டைக் குறை சொல்வார், தச்சர் கடையைக் குறை சொல்வார். அடுத்த முறை பென்ட்ரி அலுமாரி முழுவதற்குமான ஓடர் கொழும்புக்குப் போய்விடும். நட்டம் கடைக்கும் தச்சருக்கும்தான்.

ஆகவே ஒவ்வொரு சோடியுடனும் அந்த வகைக்குரிய அளவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் கொடுப்போம். பலகையின் தடிப்பையும், லாச்சியில் வைக்கப்போகும் பாரத்தையும் கேட்டுவிட்டே விற்போம். 30 கிலோ தாங்கும் ஸ்லைட்டை விடுதிச் சமையலறையின் பாத்திர லாச்சிக்குக் கொடுப்பது முறையல்ல. 2022 டொலர் நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. முன்பக்கப் பூட்டுக் கிளிப்புகளைத் தனியாகவும் கையிருப்பில் வைப்போம். மரம் காயவில்லை என்று தெரிந்தால் பக்க ஸ்லைட்டே போதும் என்று சொல்லி அனுப்புவோம். அன்றைய இலாபம் குறையலாம். அந்த வாடிக்கையாளர் மறுபடியும் எம்மிடமே வருவார்.