உப்பளம் ஓயும் அக்டோபர்... மார்பகப் பரிசோதனைக்கு இதுதான் நேரம்!

அக்டோபர் பிறந்தால் எங்கு பார்த்தாலும் பிங்க் ரிப்பன்தான். மாரத்தான், மனிதச் சங்கிலி, கல்லூரி வாசலில் செல்ஃபி... மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் இப்படித்தான் கழிகிறது.

தூத்துக்குடியில் அக்டோபருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பாத்திகளில் மழைநீர் நிற்க, உப்பு வாருவது நின்றுபோகும். முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை பக்கம் அளத்து வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருக்கும் மாதங்கள் இவை.

மற்ற மாதங்களில்? வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, இருட்டிலேயே அளத்தில் இறங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்ப்பதும் காலையில்தான். போனால் அன்றைய கூலி போச்சு. வலிக்காத ஒரு கட்டிக்காக யார் கூலியை விடுவார்கள்?

சிக்கலே அங்கேதான். உப்புப் பெட்டி சுமந்து தோளும் இடுப்பும் வலிக்கிற உடம்பில், வலிக்காத கட்டி கவனத்துக்கே வராது. மார்பகப் புற்றுக்கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 'பிறகு பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் மாதங்களில் அது அக்குள் வரை பரவிவிடலாம்.

மேமோகிராம், பெரிய ஆஸ்பத்திரி, பெரிய செலவு என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. முதல் படிக்கு அதெல்லாம் வேண்டாம். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதித்தாலே போதும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில், ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படித்தான் பரிசோதனை நடந்தது. 2021-ல் முடிவு வெளியானது. 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், 30 வயது முதல் 65 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதே மத்திய அரசின் வழிகாட்டுதல்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அந்த வேலைக்காக அவர்கள் கூடும் இடத்திலேயே ஒரு நர்ஸும், நாலு பக்கமும் மறைத்த ஒரு திரையும் இருந்தால் ரிப்பனைவிட உபயோகமாக இருக்கும்.

அதுவரை, குளிக்கும்போது கையால் தடவிப் பாருங்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக்கசிவு தெரிந்தால் மழை விடும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். புற்றுநோய்தான் என்றாலும், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை உண்டு.