துப்பாக்கியைத் தாங்குவது பெல்ட்தான்



என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று மஃப்டியில் மெய்க்காவல் வேலை பார்க்கிறார்கள். இடுப்பு வலிக்கிறது சார் என்கிறார்கள். குண்டு நிரப்பிய 9 எம்எம் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த பாரம் உறையில் இல்லை, பெல்ட்டில்தான் நிற்கிறது. அதைப் போய் நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கலாமா?

பெல்ட் தொய்ந்தால் உறை சரியும். தூக்கிவிடக் கை அடிக்கடி துப்பாக்கிப் பக்கம் போகும். வில்லியனூர்த் தேர் இழுக்கிற நெரிசலில் அது வெறும் வலி இல்லை, ஆபத்து.

ஒன்றரை அங்குல அகலம் போதும். ஆனால் உறையின் வளையத்தில் ஆடாமல் பொருந்தணும். இரண்டு அடுக்கு முழுத் தோலைச் சேர்த்துத் தைத்ததாகப் பாருங்கள். தோல்தூளை ஒட்டிச் செய்தது நம் ஊர் வேர்வைக்கு உரிந்துவிடும். ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். பேன்ட்டுக்குள் செருகும் உறையென்றால், அதை வைத்துக்கொண்டே இடுப்பளவு எடுங்கள். வாங்குமுன் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள்; துணிபோல் மடங்கினால் வேண்டாம்.

என் கருத்து இதுதான்: துப்பாக்கி கொடுக்கும்போதே அதற்கேற்ற பெல்ட்டும் கொடுப்பதுதான் முறை. கிடைக்காதவர்கள் சொந்தக் காசிலாவது நல்லதாக வாங்குங்கள், பிள்ளைகளே.