"அவசரப்பட்டுட்டானே" என்று சொல்வதற்கு முன்னால்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமோ கண்டி டவுனோ, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட ஒருவரின் சாவு வீட்டில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: "அவசரப்பட்டுட்டானே." பக்கத்தில் இன்னொருவர் சொல்வார், "சின்ன வயசிலேயே அவன் கோவக்காரன்." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கோவம் பிறவிக் குணம், மிச்சம் விதி.

எங்கள் வயதுக்காரர்கள் இதையே இப்போது வேறு மாதிரிச் சொல்லப் பழகிவிட்டோம். "செரோட்டோனின் குறைவாம்." ரீல்ஸில் பார்த்தது. விதி இருந்த இடத்தில் ஒரு இரசாயனத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

ஆனால் அந்த இரசாயனத்தின் கதை விதியின் கதை இல்லை. 1976இல் ஸ்வீடனில் மரீ ஆஸ்பெர்க் என்ற மனநல வைத்தியரும் அவருடைய குழுவும் மனச்சோர்வு நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தார்கள். செரோட்டோனின் உடைந்து உண்டாகும் பொருள் அதில் குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சிகள் கூடுதலாக இருந்தன. 1979இல் அமெரிக்க இராணுவ இளைஞர்களிடம் செய்த ஆய்வில், அதே பொருள் குறையக் குறைய அடிதடி வரலாறு கூடியது. 1983இல் பின்லாந்தின் வன்முறைக் குற்றவாளிகளிடம் பார்த்தபோது, திட்டம்போட்டுச் செய்தவர்களைவிட அந்த நிமிஷத்தில் கை ஓங்கியவர்களிடம்தான் அது குறைவாக இருந்தது.

எல்லாமே சிறிய ஆய்வுகள். பின்னால் வந்த பெரிய தொகுப்புகளில் இந்தத் தொடர்பு அவ்வளவு பலமாகத் தெரியவில்லை. மனச்சோர்வுக்குக் காரணமே செரோட்டோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். (அதற்காக மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது.) நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். செரோட்டோனின் யாருடைய குணத்தையும் எழுதி வைப்பதில்லை. மனசு கொதிக்கிற கணத்துக்கும் கை நீளுகிற கணத்துக்கும் நடுவே இருக்கும் பிரேக்கில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், அவ்வளவுதான். அந்த வகையில் சாவு வீட்டு ஆச்சி சொன்ன "அவசரம்" சரியான வார்த்தை. அதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் பிழை.

ஏனென்றால் அவசரம் கடந்து போகும். அநுராதபுரத்தில் உயிர் தப்பிய நோயாளிகளிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் முடிவெடுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த அரை மணி நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. இதற்கு எங்கள் நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பெரும் பங்கு வீட்டிலும் தோட்டத்திலும் கிடந்த பீடைநாசினியால் நேர்ந்தது. கண்டியிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் போகும்போது கெட்டம்பேயைக் கடக்கிறோமே, அங்கேதான் பீடைநாசினிகளைப் பதிவு செய்யும் அரச அலுவலகம் இருக்கிறது. மிகக் கொடிய நஞ்சுகள் 1995 அளவிலும், இன்னும் சில 2008 தொடங்கி 2011 வரையிலும் தடைசெய்யப்பட்டன. 2005 ஆகும்போதே விகிதம் பாதியாகிவிட்டது. 1995இலிருந்து 20 வருஷத்தில் சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். தடையால் விளைச்சல் விழவும் இல்லை.

"சாக நினைச்சவன் வேற வழி தேடுவான்" என்பவர்களுக்கு இதுதான் பதில். வேறு வழிகளில் போனவர்கள் இருந்தார்கள்தான், ஆனாலும் மொத்தக் கணக்கு இறங்கியது. யாருடைய மூளையையும் யாரும் மாற்றவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சை மட்டுமே மாற்றினார்கள்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மரணங்கள் குறைந்த அளவுக்கு முயற்சிகள் குறையவில்லை. பேராதனை போதனா வைத்தியசாலைக்கு இன்றும் எங்கள் வயதுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வீட்டுச் சண்டை, காதல், பரீட்சை, கடன், அப்பாவின் குடி. லயத்து அறையில் கோவப்பட்டால் ஒதுங்கிப் போய் உட்கார ஒரு மூலைகூடக் கிடையாது. பிரேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரிவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம். அந்த அரை மணி நேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. கூட்டாளி ஒருத்தன் "இனி என்னத்துக்கு" என்று சொன்னால் சிரித்துக் கடத்தாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். வீட்டில் மருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ஏதாவது நடந்துவிட்டால் பொலிஸுக்குப் பயந்து மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இதை வாசிக்கிற உங்களுக்கே அப்படித் தோன்றினால், 1926க்கு ஒரு கோல் எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. சுமித்ராயோவும் இருக்கிறது. இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டுங்கள். கோவக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.