பலாவு தீவாரின் ஈட்டி

மீன் பிடிக்கும் கருவிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று ஈட்டி. அதைக் குறித்துத் தலையங்கம் எழுத வேண்டிய அவசியம் யாதென நம் நேயர்களில் சிலர் வினவக்கூடும். தேசத்தின் பெரும் பிரச்னைகள் பல நம் முன் நிற்கையில், பசிபிக் மகாசமுத்திரத்தின் ஒரு மூலையிலுள்ள சிறு தீவுக் கூட்டத்தார் மீன் குத்தும் விதத்தை ஆராய்வதால் நமக்கு என்ன பயன் என்றும் கேட்கலாம். பயன் உண்டென்பதே நமது துணிபு. ஒரு ஜனசமூகம் தன் ஜீவனத்துக்கு ஆதாரமான பொருளைத் தானே அறிந்து, அதற்குத் தானே வரம்பு விதித்து, அவ்வரம்புக்குத் தானே கட்டுப்பட்டு நடக்குமாயின், அதற்குச் சுயராஜ்யம் என்று பெயர். 1994-ஆம் வருஷம் பலாவு தீவார் செய்த காரியம் அத்தகையது.

பிலிப்பைன் தீவுகளுக்குக் கிழக்கே உள்ளது பலாவு. ஜனத்தொகை ஏறக்குறைய 18,000. நம் நாட்டில் ஒரு சிறு பட்டணத்துக்கும் குறைவு. இவர்களை ஸ்பெயின் தேசத்தார் தமதென்றனர். 1899-இல் ஜெர்மனிக்கு விற்றனர். 1914-இல் ஜப்பான் கைப்பற்றிற்று; பின்னர் சர்வதேச சங்கத்தின் பெயரால் ஆண்டது. 1944-இல் பெலிலியூ தீவில் ஜப்பானியரும் அமெரிக்கரும் பொருத கோரப் போரில் தீவே பொசுங்கிற்று. 1947 முதல் ஐக்கிய நாடுகளின் தர்மகர்த்தா முறையில் அமெரிக்க ஆட்சி. கடைசியில் 1994 அக்டோபர் 1-ஆம் தேதி பலாவு தனி நாடாயிற்று. தேச பாதுகாப்பு இன்றும் ஒப்பந்தப்படி அமெரிக்காவின் பொறுப்பிலேயே இருப்பதை நாம் மறைக்கவில்லை. எனினும் தம் கடலை ஆளும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். நாலு எஜமானர் மாறியும் அவர்களிடமிருந்து பறிக்கப்படாத ஐசுவரியம் ஒன்றுண்டு. அது கடலைப் பற்றிய அறிவு.

அந்த அறிவின் தன்மையைச் சற்று விவரிப்போம். முழங்காலளவு நீரில் ஈட்டியுடன் நிற்பவன் முதலில் வெல்ல வேண்டியது தன் கண்ணின் மயக்கத்தை. நீரிலிருந்து வெளிவரும் ஒளி வளைகிறபடியால், மீன் உள்ள இடம் வேறு, தோன்றும் இடம் வேறு. நேர் மேலிருந்து நோக்குங்கால் நாலடி ஆழத்திலுள்ள மீன் மூன்றடி ஆழத்தில் உள்ளதுபோலத் தோன்றும். சாய்வாக நோக்கினால் பிழை இன்னும் மிகும். ஆகவே தேர்ந்தவன் மீனின் மீது குறிவைப்பதில்லை. அதற்குக் கீழே குறிவைப்பான். மீனுக்கோ வெளியுலகம் முழுதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள் ஒடுங்கித் தெரியும். நிமிர்ந்து நிற்பவன் அதில் தெளிவாகப் புலப்படுவான். தூரத்தில் குனிந்து நிற்பவன் விளிம்பில் மங்கிப் போவான். தலையிலிருந்து வால் வரை அதன் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, நீரின் சிறு அசைவையும் உணர்த்திவிடும். எனவே வேட்டைக்காரன் நிழலை மீன்மேல் விழவிடான். காலைத் தூக்கி வையான். நீரைக் கலக்காமல் இழைத்து நடப்பான். கடல் ஏறும்போது மீன்கள் மேட்டுப் பாருக்கு மேய வருவதும், வற்றும்போது கால்வாய் வழியே ஆழத்துக்கு மீள்வதும் அவனுக்கு மனப்பாடம்.

இவையெல்லாம் கைப்பழக்கம், அறிவென்று சொல்லலாகாது என்று நம் கலாசாலைப் பட்டதாரிகள் கூறுவராயின், ராபர்ட் ஜோஹானஸ் என்னும் கடல் சாஸ்திரியின் வாக்குமூலத்தை அவர்கள் முன் வைக்கிறோம். அவர் 1970-களில் பலாவுக்குச் சென்று, கிழ மீனவர்களிடம் மாணாக்கனைப்போல் அமர்ந்து பாடம் கேட்டார். 1981-இல் அதை நூலாக வெளியிட்டார். எந்த மீன் எந்த மாதத்தில், வளர்பிறையிலா தேய்பிறையிலா, எந்தக் கால்வாயின் வாயில் முட்டையிடக் கூடும் என்பதை அம்மீனவர்கள் சொன்னார்கள். உலகத்துச் சாஸ்திர நூல்கள் அனைத்தும் சேர்ந்து சந்திரகதியோடு முட்டையிடுவதாக அதுவரை குறித்திருந்த மீனினங்களைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டவற்றை, அக்கிழவர்கள் அறிந்திருந்தனர்! ஒரா மீன் அமாவாசை கழிந்த சில நாட்களில் திரளும் என்பது அவர்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த செய்தி. பருவத் தடை, இடத் தடை, உரிமை வரையறை என்று மேனாட்டார் தாம் கண்டதாகப் பெருமை பேசும் பாதுகாப்பு முறைகளில் ஏறக்குறைய எல்லாமே பசிபிக் தீவுகளில் பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்தவை என்றும் ஜோஹானஸ் எடுத்துக் காட்டினார்.

நிற்க. இதே அறிவு புதிய கருவிகளோடு சேர்ந்தபோது விளைந்த ஆபத்தையும் கூற வேண்டும். நீர்க்கண்ணாடி வந்தது, வேட்டைக்காரன் கரையிலிருந்து குறிவைப்பதை விட்டு மீனின் உலகத்துக்குள்ளேயே புகுந்தான். ரப்பர்ப் பட்டையின் விசையால் ஈட்டியைச் செலுத்தும் துப்பாக்கி வந்தது. இவ்வளவிலும் ஒரு வரம்பு எஞ்சியிருந்தது. அது அவன் மூச்சு. பழகியவனும் ஓரிரு நிமிஷத்தில் மேலே வந்தாக வேண்டும்; அவன் எட்ட முடியாத ஆழம் மீனுக்குப் புகலிடமாயிருந்தது. காற்றடைத்த சிலிண்டர் வந்ததும் அப்புகலிடம் போயிற்று. நீர் புகாத டார்ச் விளக்கு வந்ததும் இராத்திரியும் போயிற்று. சிலிண்டரும் விளக்கும் பூண்டவனுக்கு மீனின் குணத்தை அறிய வேண்டிய அவசியமே இல்லை. தூங்குகிறதைக் குத்துவதற்குச் சாமர்த்தியம் எதற்கு?

கிளிமீனை எடுத்துக்கொள்வோம். பகலில் எச்சரிக்கையுடன் திரியும் இம்மீன், இரவில் பார் இடுக்குகளில் அசையாது உறங்கும்; சில வகை, தம்மைச் சுற்றிக் கோழையால் ஓர் உறை கட்டிக்கொண்டு உறங்கும். இக்குலத்தில் மிகப் பெரியது, நெற்றி புடைத்த கிளிமீன். நாலடி நீளத்துக்கு மேல் வளர வல்லது. ஒரு மீன் வருஷத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல் பவளப் பாறையைக் கடித்து அரைத்து மணலாக்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது ஆழமில்லாத நீரில் கூட்டமாகத் தூங்கும். சாலமன் தீவுகளின் ரோவியானா முதலிய இடங்களில் டார்ச் விளக்குடன் இரவு வேட்டை பரவியபின் இம்மீன்கள் அருகிவிட்டன. களவா மீனின் கதை வேறு விதம். அதில் பல வகை பெண்ணாகப் பிறந்து, பெருத்தபின் ஆணாக மாறும். ஈட்டிக்காரன் எப்போதும் பெரியதையே தேர்ந்தெடுப்பான். ஆகவே ஆண் மீன்களே முதலில் அழியும். வருஷத்தில் சில நாட்கள், குறித்த பிறையில், குறித்த கால்வாயில், நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் அவை முட்டையிடக் கூடும். அந்த இடத்தையும் நாளையும் அறிந்தவன், பேராசை கொண்டால் பல வருஷத்துச் சந்ததியைச் சில இரவுகளில் தீர்த்துவிடலாம். அறிவு காவலனாகவும் இருக்கும்; கொள்ளைக்காரனுக்கு வழிகாட்டியாகவும் இருக்கும். இரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பது ஜனங்களின் ஒழுங்கே.

இந்த ஒழுங்கை நிலைநாட்டவே பலாவு தீவார் முற்பட்டனர். ஊர்த் தலைவர் சபை ஒரு பாரையோ கால்வாயையோ அடைத்து வைக்கும் பழைய வழக்கத்துக்கு அங்கே ‘புல்’ என்று பெயர். 1994-இல் வட பகுதியிலுள்ள கயாங்கெல், ஙார்செலோங் என்னும் இரு ஊர்த் தலைவர்களும் கூடி, களவா முட்டையிடும் எட்டுக் கால்வாய்களைப் பருவ காலத்தில் அடைத்தனர். அதே ஆண்டில் தேச சட்டசபை கடல் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. காற்றுக் கருவி பூண்டு மீன் பிடிப்பது கூடாதென்று அது விதித்தது. மூச்சுக் குழாய் ஒன்றே அனுமதிக்கப்பட்டது. களவா வகைகளுக்கு முட்டையிடும் பருவத்தில் தடை விதிக்கப்பட்டது. நெற்றி புடைத்த கிளிமீனுக்கும் பின்னர் காப்பு அளிக்கப்பட்டது. ஈட்டியை அவர்கள் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதனுடைய மூச்சையே அளவுகோலாக வைத்தார்கள். நியாய சாஸ்திரம் பயின்ற நமக்கு இதிலும் வியப்பளிப்பது அவர்களது அரசியல் சாசனம். 1981 முதல் வழங்கும் அச்சாசனம், சபை இயற்றும் சட்டமும் முன்னோர் வழக்கமும் சம அதிகாரமுள்ளவை என்று கூறுகிறது. இரண்டும் முரணினால், வழக்கத்தின் மூலதர்மத்துக்கு விரோதமில்லாத அளவிலேயே சட்டம் செல்லும். ‘புல்’ என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குப் பயந்து ஒளிந்து வாழ வேண்டிய நிலை அங்கில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. ஈட்டி கொடிய கருவி, அதை முற்றும் விலக்குக என்பார் ஒரு சாரார். ஜீவகாருண்யத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் குஞ்சென்றும் சினையென்றும் பாராமல் கடலடியை வாரிச் சுருட்டும் இழுவலையை விட்டுவிட்டு, ஒரு மீனைப் பார்த்து ஒரு மீனை எடுப்பவனைத் தண்டிப்பது நீதியாகாது. சிலிண்டரைத் தடுப்பது ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும் என்பார் மற்றொரு சாரார். சிலிண்டரை வாங்கிக் கொடுப்பவன் பெரும்பாலும் ஏழை அல்லன், வியாபாரி. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்து அவசரமாக மேலேறியதால் இரத்தத்தில் குமிழி கட்டிக் கைகால் முடங்குபவனே ஏழை. மூன்றாவதாக, அடைத்து வைத்தால் மீன் தானே பெருகும், வேறொன்றும் வேண்டாம் என்பாரும் உளர். இதுவும் பாதி உண்மைதான். மீனுக்கு ஞாபகமும் அச்சமும் உண்டு. ஈட்டி ஓயாத இடத்தில் அது மனிதனைக் கண்டு தொலைவிலேயே விலகும். அடைத்த பாரில் அருகில் வர அனுமதிக்கும். அப்படி அடைத்து வைத்த பார்களில் மீனின் அச்சம் தணிவதை வனுவாட்டுத் தீவுகளில் ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். ஆகையால் பல மாதம் காத்த பாரை ஒரே நாளில் எல்லாருக்கும் திறந்து விட்டால், அச்சம் மறந்த மீன்கள் எளிதில் மாளும், காத்ததெல்லாம் வீண். அடைப்பது எவ்வளவு முக்கியமோ, திறக்கும் விதமும் அவ்வளவு முக்கியம்.

நம் கடற்கரையை நோக்குவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பார்கள் நமக்குண்டு. 1986-இல் அவை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1983-ஆம் வருஷத்துச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீரை இயந்திரப் படகு தொடாமல் சிறு மீனவருக்கு ஒதுக்கிற்று. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இயந்திரப் படகுகள் ஓய்ந்திருக்கின்றன. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் இவற்றைக் கரையில் வாழ்பவன் தன் சட்டமென்று கருதுகிறானா, சர்க்கார் கட்டளையென்று கருதுகிறானா? களவாவுக்கும் ஒராவுக்கும் மடவைக்கும் கிளிமீனுக்கும் காலம் ஒன்றாகாது. ஒரே பஞ்சாங்கத்தால் எல்லா மீனையும் காக்க இயலாது. வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் வீசும்போது எந்தப் பாரில் எம்மீன் நிற்கும் என்பதைச் சொல்ல வல்லவர்கள் நம் குப்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தலைமுறை மறையுமுன், அவர்கள் பக்கத்தில் அமர்ந்து எழுதிக் கொள்வார் யார்? வெளிநாட்டார் ஒருவர் வந்து எழுதட்டும் என்று காத்திருப்போமா?

நாம் வேண்டுவது மூன்று. கடற்கரை ஜில்லாக்களிலுள்ள கலாசாலைகள், மூத்த மீனவரின் அறிவை ஊர்வாரியாக, பார்வாரியாகத் தமிழிலே பதிவு செய்ய வேண்டும். சினை கூடும் இடங்களையும் நாட்களையும் குறித்து அடைக்கும் அதிகாரத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்டப்பூர்வமான பங்கு அளிக்க வேண்டும். அவ்விடங்களின் பட்டியலை வியாபாரிகள் கையில் சிக்காமல் காப்பதும் அப்பஞ்சாயத்தின் கடமையாக வேண்டும். பவளப் பார்களில் காற்றுக் கருவியுடனும் இரவு விளக்குடனும் மீன் குத்துவது எங்கும் கூடாதென்று நம் மீனவர் சங்கங்கள் தாமே முதலில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சர்க்கார் பின்னால் வரட்டும்.

பதினெட்டாயிரம் பேர் கொண்ட ஒரு சமூகம், அன்னிய ஆட்சி நீங்கிய அதே வருஷத்தில், தன் கைக்குத் தானே தளை பூட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்தது, இனி இஷ்டம்போல் பிடிக்கலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. கடற்கரையில் ஊழியம் செய்யும் நம் தொண்டர்கள், அடுத்த முறை குப்பத்துக்குச் செல்லுங்கால், கொடியையும் பிரசுரங்களையும் எடுத்துச் செல்வதுபோலவே ஒரு வெற்றுக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வார்களாக. பேசுவதற்கு முன் அங்குள்ள பெரியவர்களைக் கேட்பார்களாக. அவர்கள் சொல்வதை நம் பத்திரிகைக்கு எழுதியனுப்பினால், அதற்கு இடமளிக்கச் சித்தமாயிருக்கிறோம்.